தானே நிற்கும் கார்

1

"அக்கா, தானா ஓடுற கார் வாங்கிட்டீங்களாமே? அத்தான் ஸ்டீயரிங்கத் தொடவே வேண்டாமாமே?" என்று கோவில்பட்டியிலிருந்து தம்பி போனில் கேட்டான். குரலில் பாதி பெருமை, பாதி வயிற்றெரிச்சல்.

செய்தி அங்கே எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். கார் வீட்டுக்கு வந்த அன்று எங்கள் மகள் யாழினி, அதன் முன்னால் எங்கள் இருவரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தாள். உறவுக்காரர்கள் குழுவில் போட்டாள். நம் ஊரில் ஒரு படம் கை மாறும்போதெல்லாம் அதில் ஒரு வசதி கூடிவிடும். முதலில் மின்சாரக் கார் என்றார்கள். பிறகு தானே நிறுத்திக்கொள்ளும் கார். இப்போது தானே ஓடுகிறது. பொங்கலுக்குள் பறக்கவும் ஆரம்பித்துவிடும்.

பொறாமைப்பட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் கார் தானே ஓடாது. தானே நிற்கும். அதுவும் நிற்கக் கூடாத இடம் பார்த்து நிற்கும். அது நின்ற கதையைத்தான் எழுதப்போகிறேன்.

2

நான் கல்யாணமாகி மலேசியாவின் ஈப்போவுக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. என் கணவர் மாணிக்கம் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டத்தில் பால்மரத்தை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். இப்போது செம்பனையை வெட்டி வீடு நட்டுக்கொண்டிருக்கிறார்கள். விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று கேள்வி.

வந்த புதிதில் ஒரு காலை, "காடிக்கு எண்ண ஊத்திட்டு வாரேன், நீ பசியாறு" என்று சொல்லிவிட்டு இவர் கிளம்பினார். எங்கள் பக்கத்தில் காடி என்றால் மாட்டுக்கு வைக்கிற புளித்த தண்ணீர். மாடே இல்லாத வீட்டில் காடி எதற்கு, அதில் எண்ணெய் எதற்கு என்று யோசித்தபடியே தனியாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன். இங்கே காடி என்றால் கார் என்பது அவர் பெட்ரோல் வாசனையோடு திரும்பி வந்த பிறகுதான் புரிந்தது.

அவர் தொழிலே காடிதான். காரோட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். மலாயில் ஆசிரியரைச் 'சிக்கு' என்பார்கள். கடைத்தெருவில் நாலடி நடந்தால் போதும், யாராவது "சிக்கு!" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். கும்பிடுகிறவர்கள் அத்தனை பேரும் ஒரு காலத்தில் அவரிடம் கண்ணில் நீர் வரத் திட்டு வாங்கியவர்கள்.

பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். நான் தப்புச் செய்யலாமா என்று யோசிக்கும்போதே அவர் கால் அந்தப் பிரேக்கில் இறங்கிவிடும்.

"ஒரு தடவையாவது தப்பு பண்ண விடுங்களேன். அப்புறமா பிரேக் போடுங்க" என்றேன்.

"தப்பு பண்ண அப்புறம் வரதுக்கு நான் எதுக்கு? ஆம்புலன்ஸ் போதும்லா" என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க ஒரு மாணவரும் யாரையும் இடித்ததில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமலே ஊருக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

3

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், கோலாலம்பூரில் கணினி வேலை பார்க்கும் யாழினி ஒரு சனிக்கிழமை வந்தாள். எங்கள் பழைய காரை யாரோ ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். அதற்குப் பதில் சத்தமே போடாமல் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

"இது சேஃப்பா. இதுல ஏடாஸ் இருக்கு" என்றாள்.

ஏடாஸ் என்பது ஓட்டுநருக்கு உதவுகிற ஏற்பாடு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன்புறத் தகட்டுக்குள் ரேடார், ஸ்டீயரிங்குக்கு மேலே ஓட்டுகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு கேமரா. கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும். முன்னால் ஏதாவது வந்தால் தானே பிரேக் போடும். கண் மூடினால் கத்தும். கல்யாணமான பெண் செய்கிற வேலைகளை மூன்று கருவிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

எந்த மொழியில் கத்த வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆங்கிலம் உண்டு, மலாய் உண்டு, சீனம் உண்டு, தாய்லாந்து பாஷைகூட உண்டு. தமிழ் இல்லை. திட்டு வாங்குவதாவது தாய்மொழியில் இருக்கக் கூடாதா? கடைசியில் மலாயைப் போட்டோம். கவனமாக இரு என்பதற்கு மலாயில் 'பெர்ஹாத்தி-ஹாத்தி' என்பார்கள். ஹாத்தி என்றால் மனசு. ஆக, கார் நாள் முழுக்க மனசு மனசு என்று புலம்பிக்கொண்டிருந்தது.

என் கணவருக்குக் கண்கள் கொஞ்சம் உள்ளடங்கியவை. வெயிலுக்குச் சுருக்கினால் கார் அவர் தூங்குவதாக முடிவு செய்தது. தும்மினால் தூங்குவதாக முடிவு செய்தது. சாலையோரக் கடையில் டுரியான் பழம் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தால் கவனம் சிதறியதாக முடிவு செய்தது. முடிவு செய்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கார் யாழினி பேரில் இருக்கிறது, செயலியும் அவள் போனில்தான். இங்கே கார் கத்திய அடுத்த நிமிடம் கோலாலம்பூரில் அவளுக்குத் தகவல் போய்விடும்.

"ப்பா, தூங்குனீங்களா?"

"தும்முனேன்மா."

"ஆர் யூ ஷூர்?"

"தும்முனதுக்குச் சாட்சி வேணுமா? உங்கம்மா இருக்கா, கேளு."

கார் வருவதற்கு முன் அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவாள். அதுவும் ஞாபகம் வந்தால். வேலை அப்படி, போக்குவரத்து அப்படி, அந்த ஊர் அப்படி. கார் வந்த பிறகு தினமும் போன் வந்தது. ஒன்று அப்பா தும்மியிருப்பார், அல்லது டுரியான் பார்த்திருப்பார்.

4

என் நாத்தனார் பார்வதி பத்து காஜாவில் இருக்கிறார். சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்கு ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். ஓய்வு பெற்ற தம்பியான என் கணவருக்கு அதுதான் உத்தியோகம்.

எங்கள் வீட்டிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகப் பத்து காஜாவுக்குப் பெரிய சாலை ஒன்று போகிறது. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். அந்தக் குன்றுகளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து லோரிகளில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒரு நாள் லோரியிலிருந்து தெறித்த கல் எங்கள் காரின் முன்கண்ணாடியில் பட்டு, விரிசல் மூலைவரை ஓடிவிட்டது. கார் வாங்கிய நிறுவனத்தின் பணிமனையிலேயே புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. 'எல்லாம் சரிபார்க்கப்பட்டது' என்று புன்னகையும் கொடுத்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் அதே சாலையில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் நாத்தனார். முன்னால் ஆளில்லை, வண்டியில்லை, நாய்கூட இல்லை. மேம்பாலத்தின் நிழல் சாலையில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். திடீரென்று கார் அலறிக்கொண்டு பிரேக் போட்டது. பெல்ட் என் நெஞ்சை அறுத்தது. நாத்தனாரின் பை பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. பின்னால் வந்த கல் லோரி ஹாரனை அழுத்தியபடியே பக்கவாட்டில் உரசாத குறையாகப் போயிற்று. லோரிக்காரர் சொன்ன வார்த்தை கண்ணாடியைத் தாண்டிக் கேட்கவில்லை. வாயசைவிலேயே புரிந்தது.

"ஏன்டா தம்பி இப்படி அமுக்குற?" என்று நாத்தனார் மூச்சு வாங்கக் கேட்டார்.

"நான் அமுக்கலக்கா. காடியே போட்டுச்சு."

காரை ஓரமாக நிறுத்தினார். இறங்கி, சாலையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை.

போன் அடித்தது. "ப்பா, ஹார்ட் பிரேக்கிங்னு வந்துச்சு. என்ன பண்ணீங்க?"

என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை.

5

பணிமனையில் எங்களை வரவேற்றவன் தினேஷ். வாடிக்கையாளர் ஆலோசகர். "சிக்கு! என்னய ஞாபகம் இருக்கா?" என்று ஓடி வந்தான்.

"பார்க்கிங் டெஸ்ட்ல கம்பத்த இடிச்சவன்தானே?"

"அவனேதான் சிக்கு!"

குளிர்சாதன அறை, ஆர்க்கிட் பூ, கேட்காமலே காப்பி. எங்கள் ஊர் வங்கியில்கூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. தினேஷ் கணினியைக் காரோடு இணைத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

"சிக்கு, மாரா ஆவாதீங்க. சிஸ்டம் நோர்மல். டிரைவர் பிரேக் அமுக்குனதாத்தான் டேட்டாவுல காட்டுது."

"நான் அமுக்கலடா."

"டேட்டா அப்படித்தான் சொல்லுது சிக்கு."

கோபப்படாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் இந்த நாட்டில் கோபம் வரும்படியான செய்தியைச் சொல்வார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் செய்து பார்க்கச் சில வைத்தியங்களும் சொன்னான். கேமராவுக்கு முன்னால் உள்ள கண்ணாடியை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். துடைத்தோம். முன்தகட்டில் ரேடார் இருக்கும் இடத்தில் அழுக்கு இருக்கக் கூடாது. புதுக் கார் பூஜையில் நான் சரியாக அந்த இடத்தில்தான் சந்தனம் குங்குமம் வைத்திருந்தேன். தினேஷ் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்த பார்வையில், கொலை நடந்த இடத்தில் கைரேகை கண்டுபிடித்த சந்தோஷம் தெரிந்தது. கழுவினோம். பிள்ளையார் மன்னிப்பார்.

சுங்கக் கட்டணத்துக்காகக் கண்ணாடியில் ஒட்டியிருந்த வில்லையைக் கேமராவிலிருந்து தள்ளி ஒட்டச் சொன்னான். ஒட்டினோம். ஸ்டீயரிங்கில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் திரை செத்து மறுபடி உயிர் பிழைக்கும் என்றான். சாகடித்துப் பிழைக்க வைத்தோம். புதிய மென்பொருள் ஏற்றினோம். அது ஏறுகிறவரை கார் நகரவுமில்லை, கதவு திறக்கவுமில்லை. உள்ளே நான் வாங்கிவைத்த மீன் இருந்தது. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

இந்த உதவியே வேண்டாம் என்று அணைத்தும் பார்த்தோம். அணைக்கலாம். ஆனால் அடுத்த முறை கார் புறப்படும்போது அது தானாக மறுபடி விழித்துக்கொள்ளும். போதும் போதும் என்று கையால் மறித்தாலும் இலையில் சோற்றைக் கொட்டுகிற சில உறவினர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். அந்த ஜாதி.

ஒவ்வொரு வைத்தியத்துக்கும் கார் சில நாள் சமர்த்தாக இருந்தது. பிறகு ஒரு வெயில் நாளில், ஒரு நிழலைப் பார்த்து, மறுபடி அலறி நின்றது.

யாழினி தனியாக என்னைக் கூப்பிட்டாள். "மா, தப்பா நெனைக்காதீங்க. அப்பாவுக்கு ஏஜ் ஆவுது. கண்ண டெஸ்ட் பண்ணுங்க."

கண் மருத்துவர் சோதித்துவிட்டு, அவர் கண் நன்றாக இருக்கிறது, என் கண்ணுக்குத்தான் புரை ஆரம்பம் என்றார். அதை யாழினியிடம் சொன்னேன்.

"ஓக்கே. அப்ப ரிஃப்ளெக்ஸ் பிராப்ளமா இருக்கும்" என்றாள்.

கடைசி முறை பணிமனைக்குப் போனபோது தினேஷ் எங்களை ஒரு மூலைக்கு அழைத்துப் போனான். நல்ல பையன். அவன் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"சிக்கு, வயசானவங்க நெறய பேருக்கு இது வரதுதான். கால ஆக்ஸிலேட்டர்லருந்து எடுக்குறப்ப ஒரு செகண்ட் நிதானிங்க. ரைட்ல இருக்குறது ஆக்ஸிலேட்டர். அதுக்கு லெஃப்ட்ல பிரேக்."

என் கணவர் அவனையே பார்த்தார். பிறகு, "சரிப்பா" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

6

அடுத்து வந்த நாட்களில் நாத்தனாரை நான்தான் அழைத்துப் போனேன். பெரிய சாலையில் லோரிகளோடு போக எனக்குப் பயம். பழைய தோட்டத்துச் சாலை ஒன்று இருக்கிறது. செம்பனைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். கோடும் கிடையாது, மேம்பாலமும் கிடையாது. அதில் சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனேன்.

"தம்பி ஓட்டுனா நான் தூங்குவேன்லா. நீ ஓட்டுறப்ப சாமி கும்புடுறேன்" என்றார் நாத்தனார். "எப்ப வருவான் அவன்?"

"அவருக்கு முதுகு வலி அக்கா."

"முதுகா? யாரு குத்துனா?"



என்னிடம் கார் ஒரு முறைகூட நிற்கவில்லை. சாதுவாக வந்தது. யாழினி ஸ்பீக்கரில் இருந்தபோது சொன்னாள்: "பாத்தீங்களாம்மா? நீங்க ஓட்டுனா ஒரு அலர்ட்டும் வரல. இட்ஸ் நாட் த கார்."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து போய், காலையில் தண்ணீர் ஊற்றிய செடிகளுக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். எனக்கே ஒரு கணம் தோன்றியது: ஒருவேளை இவர் கால்தானோ? தோன்றிய உடனே அதைத் தள்ளிவிட்டேன். ஆனால் தோன்றியது.

முன்பு ஒரு முறை ஊருக்குப் போயிருந்தபோது மதுரை விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்தோம். இவர் முன்னால் ஏறிப் பழக்கதோஷத்தில் பெல்ட்டை இழுத்தார். டிரைவர் முகம் சுருங்கிப்போனது. "ஏன் சார், என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். இவர் சிரித்துவிட்டு, "உங்க மேல நம்பிக்கை இருக்கு, எதுர்ல வாரவன் மேலதான் இல்ல" என்று சமாளித்தார். கோவில்பட்டி வருகிறவரை அந்த மனிதர் மனம் ஆறவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் கடைசி நொடியில் விலகி, தன் திறமையை எங்களுக்கு நிரூபித்துக்கொண்டே வந்தார். அன்று அவரைக் கேலி செய்து ஈப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இவரைப் பார்த்தபோது அந்த டிரைவரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் கேட்ட கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை.

7

நீண்ட விடுமுறை ஒன்று வந்தது. யாழினி ஈப்போ வந்தாள். அத்தையைப் பார்க்கப் போகலாம், நானே ஓட்டுகிறேன் என்றாள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். நான் முன்னால் உட்கார்ந்தேன். அவர் பின்னால் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, வெளியே பார்த்தார். ஒரு காலத்தில் பிறர் ஓட்டும்போது "கியர், கண்ணாடி, கண்ணாடி" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். அன்று ஒரு வார்த்தை வரவில்லை.

சிம்பாங் பூலாய் தாண்டிப் பெரிய சாலையில் அவள் நன்றாகவே ஓட்டினாள். அலுவலகத்தில் நடந்ததை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். மேம்பாலம் வந்தது.

கார் அலறியது. நின்றது.

பின்னால் டயர் தேய்கிற சத்தம். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் எங்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பி, புல்லில் இறங்கிச் சரிந்தார். அவர் பின்னால் கட்டியிருந்த கூடையிலிருந்த கொய்யாப்பழங்கள் சாலை முழுக்க உருண்டன.

யாழினி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். "நான் பிரேக் போடல. மா, நான் போடவே இல்ல. சத்தியமா போடல" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. அதற்குள் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் இறங்கி ஓடினார்.

கீழே விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்தார். கையைக் காலை மடக்கச் சொல்லிப் பார்த்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. அந்த மனிதர் எழுந்ததும் நேராகக் காருக்கு வந்து கண்ணாடியைத் தட்டினார். காரோட்டத் தெரியாதவளுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது என்று மலாயில் சத்தம் போட்டார். அவர் கோபம் நியாயம்.

என் கணவர் நடுவில் வந்து நின்றார். மலாயில்தான் பேசினார், நிதானமாக. "அவள் என் மகள். அவள் பிரேக் போடவில்லை. கார்தான் போட்டது. எனக்குத் தெரியும். நான்தான் அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன்."

அந்த மனிதர் அவரை உற்றுப் பார்த்தார். "சிக்கு மாணிக்கமா?" என்றார். அவருடைய மனைவி இவரிடம் படித்தவராம். கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். பிறகு, "தாக் அப்பா" என்று கையை ஆட்டினார். பரவாயில்லை என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் மூவரும் குனிந்து கொய்யாக்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டோம்.

யாழினியின் போன் கைப்பைக்குள் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். காரிலிருந்து வந்த தகவல்: ஓட்டுநர் திடீரென்று பிரேக் அழுத்தினார்.

போனை அவர் பக்கம் நீட்டிக் காட்டினாள். பிறகு, "ப்பா, நீங்க ஓட்டுறீங்களா?" என்று கேட்டாள்.

"நீயே ஓட்டு. மெதுவாப் போ. பாலம் வந்தா முன்னாடியே வேகத்தக் கொற" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. 'நானும் அன்றைக்கு இதைத்தானே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். பத்து காஜா வருகிறவரை சொல்லியிருப்பேன்.

யாழினி வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினாள்.

8

அதற்குப் பிறகு கோலாலம்பூரிலிருந்து அவள் கார் நிறுவனத்தின் தலைமையகத்தை உண்டு இல்லை என்று ஆக்கினாள். அப்பா சொன்னபோது தகவல் பொய் சொல்லாது. மகள் சொன்னதும் தகவல் கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்தது. பொறியாளர் ஒருவரை ஈப்போவுக்கு அனுப்பினார்கள். அவர் கட்டங்கட்டமாகக் கோலம் போட்டது போலிருந்த ஒரு பெரிய பலகையைக் காருக்கு முன்னால் நிறுத்தி, கேமராவை அதைப் பார்க்க வைத்தார். கேமரா கொஞ்சம் குனிந்து பார்க்கிறது என்று கண்டுபிடித்தார். புதுக் கண்ணாடியில் அதைச் சரியாக உட்கார வைக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் பாலத்தின் நிழலெல்லாம் அதற்குச் சுவராகத் தெரிந்திருக்கிறது.

"கண்ணாடி போட்ட அன்னைக்குப் பலகை வேற கிளைக்குப் போயிருந்துச்சு ஆன்ட்டி. அதனால ரோட்டுல ஓட்டியே செட் பண்ணிட்டாங்க" என்றான் தினேஷ், தரையைப் பார்த்தபடி. அவனுக்கும் கேமரா குனிந்துவிட்டது.

"அப்ப டிரைவர் அமுக்குனதா டேட்டா சொல்லுச்சே?" என்று கேட்டேன்.

கார் தானே பிரேக் போடும்போது ஓட்டுகிறவரின் காலும் பதறிப்போய்ப் பிரேக்கை மிதிக்கும். பதிவில் அந்தக் கால்தான் விழுந்திருக்கிறது என்று பொறியாளர் விளக்கினார். பயந்தவன்தான் குற்றவாளி என்று அந்தப் பெட்டிக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தினேஷ் என் கணவரிடம் வந்தான். "சிக்கு, சோரி. அன்னைக்கு நான் அந்த மாதிரி..."

"ரைட்ல ஆக்ஸிலேட்டர், லெஃப்ட்ல பிரேக். கரெக்டாத்தான்டா சொன்ன. அன்னைக்கே இது ஞாபகம் இருந்திருந்தா கம்பத்த இடிச்சிருக்க மாட்ட" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு இவர் காரில் ஏறினார். ஓட்டுநர் இருக்கையில்.

மறுநாள் நாத்தனார் பின்சீட்டில் ஏறியதும் கண்ணை மூடினார். பாலத்தைத் தாண்டும்போது அவருடைய குறட்டைதான் கேட்டது. கார் மூச்சு விடவில்லை. தும்மலைக்கூட மன்னிக்கும்படி யாழினி எதையோ மாற்றிவைத்திருந்தாள். இனி தூக்கம், பிரேக் என்று அப்பாவைத் தொந்தரவு செய்யும் எந்தத் தகவலும் வராது என்று பெருமையாகச் சொன்னாள்.

வரவில்லை. அவளுடைய போனும் வரவில்லை. முதலில் சில நாட்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலையாக இருக்கும் என்றேன். ஆமாம் என்றார். இன்னொரு ஞாயிற்றுக்கிழமையும் போனது. எங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது அந்தக் கோளாறு ஒன்றுதான். அதையும் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள்.

போன புதன்கிழமை துணி காயப்போடப் போனபோது காரின் திரையைத் தற்செயலாகப் பார்த்தேன். சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. பல்லைத் துலக்க மறந்தாலும் சார்ஜ் போட மறக்காத மனிதர் இவர். நானே வயரை எடுத்துச் செருகப் போனேன். உள்ளேயிருந்து வேகமாக வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

"இப்ப வேணாம் செல்வி."

"ஏன்? இன்னும் கொஞ்சத்துல வண்டி படுத்துடும்."

"ரொம்பக் கொறஞ்சா அவ போனுக்குச் சேதி போவும்லா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வயரைச் சுற்றி ஆணியில் மாட்டினார்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ப்பா! சார்ஜ் ரொம்ப லோவா இருக்கு. போட மறந்துட்டீங்களா?"

"ஐயோ, ஆமாம்மா. மறந்தே போயிட்டேன்" என்றார், மறதி என்பதையே அறியாத என் கணவர். காப்பியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். "நீ பசியாறிட்டியா?"